அவர் விட்டுப்போன சக்கரப் படகு

மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தபோது அதில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. என் கணவர் பெயருக்கு முன்னால் உள்ள இடம். அங்கே அச்சகக்காரர் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தார். 'திரு' என்று போடுவதா, 'அமரர்' என்று போடுவதா என்பதுதான் கேள்வி. வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். "நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா, அப்புறமா பிளேட் போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

முகூர்த்தம் தையில். அப்போதுதான் ஐப்பசி பிறந்திருந்தது. எதையும் முன்கூட்டியே செய்துவிடுவது என் பழக்கம். அதனால் அவகாசம் இருந்தது. பதில்தான் இல்லை.

என் கணவர் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு காலை, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் ஏறினார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவில்லை. முதல் நாள் சண்டை எதுவும் இல்லை. உடம்புக்கும் இளைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிகளில் தேடினோம். பிறகு மற்றவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் அரக்கோணம் பிளாட்பாரத்தில் பார்த்தார். ஒருவர் திருப்பதியில் மொட்டைத் தலையோடு பார்த்தார். இன்னொருவர் வாலாஜாபாத் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். துருவிக் கேட்டால் எல்லோரும் முதுகைத்தான் பார்த்திருந்தார்கள்.

சட்டப்படி காத்திருக்க வேண்டிய வருடங்கள் எப்போதோ கடந்துவிட்டன. நான் இன்னும் நெற்றியில் குங்குமம் வைக்கிறேன். அதை நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். எடுக்க வேண்டிய நாள் இதுதான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நூல் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். எடை சரியாகத் தெரியாமல் ஒரு கழி நூலைக்கூட வெளியே அனுப்பியதில்லை. தினமும் டைரி எழுதுகிறேன். தெரியாததை அதிலும் எழுதுவதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் அந்தப் பென்சில் கேள்விக்குறி வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா போனில் நயமாகத்தான் பேசினார். "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க பக்கத்துப் பெரியவங்க கேக்கறாங்க. இருக்காரா இல்லியான்னு தெரியாம உங்கள எப்படி மணையில ஒக்கார வெக்கறதுன்னு. ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா போதும். எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்தான்."

என் நாத்தனாருக்கு இரண்டும் சம்மதமில்லை, ஒன்றுதான் சம்மதம். அவள் என் கணவரின் அக்கா. ஓரிக்கையில் இருக்கிறாள். சேதி கேட்ட அன்றே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

"என் தம்பி பேருக்கு முன்னால அமரர்னு போட்டுப் பாரு, நான் மண்டபத்து வாசப்படி மிதிக்க மாட்டேன். புல்லுல பொம்ம செஞ்சு கொளுத்திடலாம்னு எவனோ யோசன சொல்றானாமே? கொளுத்திட்ட பிறகு அவன் வந்து கதவத் தட்னா இன்னா பண்ணுவ? உனக்குக் காரியம் ஆயிடுச்சு, போய்ட்டு வான்னு அனுப்புவியா?"

"நான் கொளுத்தறேன்னு சொல்லல அண்ணி."

"திருன்னு போடறேன்னும் சொல்லலியே நீ!"

என் பெயரை மட்டும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா பெயர் இல்லாத பத்திரிகையை ஊர் வேறு மாதிரி படிக்கும் என்றார்கள். மகள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "ஏதாவது ஒண்ணு போடும்மா. எங்க ஆபீஸ் ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா விட்டாலே சப்மிட் ஆவாது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

கல்யாண வீடு என்பதால் வெள்ளையடிக்கச் சாமான்களை இறக்கினோம். பரணின் கோடியில், பழைய வேட்டியில் சுற்றியபடி, அவர் செய்து பாதியில் விட்ட படகு இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமான வீட்டில் எந்த வேலையும் பாதியில் நிற்கக் கூடாது. தறியில் சேலை இருந்தால் அதை முடித்து அறுத்து இறக்கிய பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். எங்கள் வீட்டில் தறி இல்லை. பாதியில் நின்றது இது ஒன்றுதான். தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. அப்படியானால் முடித்துவிட வேண்டும். இது தவிர வேறு காரணம் அன்றைக்கு எனக்கு இருந்ததாக நினைவில்லை.

அது பக்கவாட்டில் இரண்டு பெரிய சக்கரங்கள் வைத்த நீராவிப் படகின் மாதிரி. எங்கோ பழைய படம் ஒன்றில் பார்த்துவிட்டு, அவர் அதைச் செய்ய ஆரம்பித்தார். வேலையில் நாள் முழுக்க நீராவியைப் பார்த்துவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தும் நீராவியையே பிடித்துக்கொண்டார். அசலில் ஒரு மீட்டர் என்பது இதில் இரண்டு சென்டிமீட்டர். முழு நீளம் என் கை விரல் நுனியிலிருந்து தோள்பட்டை தாண்டி வரும். உடல் தகரம். நடுவில் செம்புக் குழாயால் ஆன சின்ன பாய்லர், கீழே ஸ்பிரிட் விளக்கு, இரண்டு பக்கமும் பித்தளை சிலிண்டர்கள். பாய்லர்காரர் என்பதால் சேஃப்டி வால்வு மட்டும் படகின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. மேல்தளத்தில் சுக்கான் பிடிப்பவனுக்கு ஒரு சின்ன அறை. அதற்குத் திறந்து மூடும் கதவு. உள்ளே ஆள் இல்லை.

அந்த நாளிலேயே நாத்தனார் கேலி செய்வாள். "பாலாத்துல மணல் லாரி ஓடுது, இவன் கப்பல் வுடப் போறான்." அவர் சிரிப்பார். சிரித்தால் இளைப்பு வரும்.

துணியைப் பிரித்ததும் முதலில் பார்த்தது பக்கவாட்டில் பச்சைப் பெயின்டில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகை. காய்வதற்குள் தொட்டிருக்கிறார். ரேகையின் சுழி தெளிவாக இருந்தது. போலீசில் அடையாளம் கேட்டபோது மச்சம், தழும்பு என்று யோசித்து யோசித்துச் சொன்னோம். இது பரணில் இருந்திருக்கிறது.

மீதி இருந்த வேலைகளைப் பார்த்தேன். ஒரு சக்கரத்துக்குத் தகடுகள் எல்லாம் பொருத்தியிருந்தார். மற்றது வெறும் வளையமாக இருந்தது. அதற்குத் தகடுகள் வெட்டிப் பற்றவைக்க வேண்டும். என்ஜின் ஏனோ அசையவில்லை. இவ்வளவுதான்.

தகரக் கத்தரியும் அரமும் அவருடையவையே இருந்தன. முடிந்த சக்கரத்தின் தகடுகளை அளந்து பார்த்தேன். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று அரை மில்லிமீட்டர் நீளம், ஒன்று ஓரத்தில் சாய்வு, ஒன்றில் கத்தரி வழுக்கிய கீறல். நான் சராசரி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவாக, சதுரம் பிசகாமல் வெட்டினேன். துணி துவைக்கும் தொட்டியில் படகை மிதக்கவிட்டு, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தேன். என் பக்கம் அதிகமாகத் தள்ளியது. படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு தொட்டிச் சுவரில் முட்டியது. திரும்பத் திரும்ப அப்படியே. சரியானதும் சரியில்லாததும் ஒரே தண்டில் சுற்ற முடியாது என்று புரிந்தது.

என் தகடுகளை எல்லாம் கழற்றிப் போட்டேன். அவர் வெட்டிய ஒவ்வொரு தகட்டையும் காகிதத்தில் வைத்து வரைந்து, அதன் சாய்வையும் குறையையும் அப்படியே எடுத்து, எதிர்ப்பக்கத்துக்கு ஜோடி வெட்டினேன். ஒருவருடைய பிழையைப் பார்த்துப் பார்த்து அதே பிழையைச் செய்வது சுலபம் இல்லை. கை நேராகப் போகவே பார்க்கும். அதைப் பிடித்து இழுத்து அவர் போன வழியில் விட வேண்டும். மாலையில் கிடங்கிலிருந்து வந்ததும் இதில் உட்கார்ந்தேன். கடைசித் தகடுகளுக்கு வந்தபோது ஒன்று நடந்தது. ஒரு தகட்டை வரையாமலே வெட்டிவிட்டேன். மறதிதான். வெட்டிய பிறகு அதை அவருடைய சக்கரத்தில் அதற்குரிய தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. அந்த வழுக்கலும் அங்கேயே இருந்தது.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் விளக்குகளை எல்லாம் போட்டேன். இருட்டக்கூட இல்லை.

அடுத்தது என்ஜின். தண்ணீர் ஊற்றி விளக்கேற்றி ஆவி சேர்த்துப் பார்த்தேன். வால்வு சரியாகத் திறந்து சீறியது, சக்கரம் அசையவில்லை. சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டன் உள்ளே ஒட்டிக்கிடந்தது. வெந்நீரில் போட்டு வைத்தபோது ஒரு வாசனை எழுந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டு காய்ச்சும் கொட்டகையில் வரும் வாசனை.

பிஸ்டனைச் சுற்றி ஆவி கசியாமல் இருக்க எண்ணெயில் தோய்த்த நூலைச் சுற்றுவார்கள். வேறு ஊராக இருந்தால் பருத்தி நூல் சுற்றியிருப்பார். இந்த ஊரில் கைக்கு எட்டியது பட்டு. நான் கொண்டுவந்து வைத்திருந்த கழிவு நூலிலிருந்து எடுத்துச் சுற்றியிருக்கிறார். ஆனால் அது கோரா. புழு கட்டிய பசை போகாத பச்சைப் பட்டு. அதைச் சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசையை நீக்கிய பிறகுதான் சாயத்துக்கு அனுப்புவோம். கண்ணுக்குக் கோரா நூல் இன்னும் உறுதியாகத்தான் தெரியும். ஆவியின் சூட்டில் அந்தப் பசை கரையும். ஆறினால் கோந்தாக இறுகும். அதனால்தான் முதல் தடவை ஓடியது. அடுத்த நாள் அசையவில்லை.

அது எனக்கு நினைவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் என்ஜின் ஓடி, மகள் கைதட்டினாள். மறுநாள் அது நின்றுபோய், அவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க தப்புன்னே தெரியல" என்றார். அந்த வாரத்திலேயே போனார். ஒரு பொம்மைப் படகு ஓடவில்லை என்று ஒரு மனிதர் வீட்டை விட்டுப் போவார் என்று நான் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது. அந்தத் தப்பு எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் போனார் என்பது மட்டும் தெரியும்.

பழைய நூலைப் பிய்த்தெடுத்தேன். காய்ச்சிய பட்டில் நல்லதாக ஓர் இழை எடுத்து, கெட்டி எண்ணெயில் ஊறவைத்து, நெருக்கமாகச் சுற்றினேன். ஒரு சனிக்கிழமை மதியம் மறுபடி விளக்கேற்றினேன். ஆவி ஏறியதும் சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அதன் ஓசையை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு சிலிண்டர்களும் மாறி மாறி ஆவியை வெளியே விடும்போது, உள்ளே ஈரத்தோடு ஓர் இழுப்பு, வெளியே ஒரு விசில். இழுப்பு, விசில். இளைப்பு வந்த இரவுகளில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விடுவது இப்படித்தான் இருக்கும்.

குளித்துக்கொண்டிருந்த மகள் தலையில் துண்டோடு ஓடிவந்து அடுக்களை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், சுவர் ஓரமாகப் பார்த்தாள்.

"நிறுத்தும்மா."

"என்ஜின்தாம்மா."

"தெரியுது. நிறுத்து."

விளக்கை ஊதினேன். ஊதியதும் நிற்கவில்லை. பாய்லரில் மிச்சம் இருந்த ஆவி தீரும் வரை மெதுவாக, இன்னும் மெதுவாக, இழுத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அது முடியும் வரை நின்றோம்.

அதை அவள் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் மறுநாளே வந்தாள். பூ கட்டிப் பார்க்கலாம் என்று அதற்கு முன்பே அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. என் புருஷன் இருக்கிறாரா என்பதைப் பொட்டலத்தில் கட்ட மாட்டேன் என்று அப்போது மறுத்திருந்தேன். இப்போது அவள் படகின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பூ வேணாம். இத தண்ணில வுடு. இது அவன் கை. இதே சொல்லட்டும். திரும்பி வந்துச்சுன்னா அவன் இருக்கறான். திருன்னு போடு. வரல... வரலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ இன்னா போட்டாலும் சரி."

"அண்ணி, இதப் பாருங்க." படகைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். சுக்கான் நேராக இல்லை. ஒரு பக்கமாகச் சாய்த்து ஈயம் வைத்துப் பற்றியிருந்தது. நானும் முதலில் பிசகு என்றுதான் நினைத்தேன். கிட்டத்தில் பார்த்தால், நேர்கோடு ஒன்றும் அதிலிருந்து விலகும் சாய்கோடு ஒன்றும் ஊசியால் கீறியிருக்கிறார். அளந்தே வைத்திருக்கிறார். "கையில கண்ட்ரோல் இல்ல, கயிறும் கெடயாது. போறது வட்டம் போட்டு வுட்ட எடத்துக்கே வரணும்னு அவரே இப்படி வெச்சிருக்காரு. அப்புறம் இதுல சகுனம் இன்னா இருக்குது?"

நாத்தனார் கண் விரிந்தது. "அதத்தானேமா நானும் சொல்றேன்! திரும்பி வரணும்னு வெச்சவன் வராமப் பூடுவானா?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, செய்யலாம்மா. எதுவோ ஒண்ணு முடியட்டும்" என்றாள். அவள் குரலில் இருந்த களைப்பைக் கேட்டுத்தான் நான் ஒத்துக்கொண்டேன். எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று நாத்தனாரின் உள்ளங்கையில் என் கையை வைத்துச் சொன்னேன்.

படகை விடுவது முசரவாக்கம் ஏரியில். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து கரை வரை நிரம்பியிருந்தது. மார்கழி பிறந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சனிக்கிழமை மாலை, பற்றவைக்கும் கோலைச் சூடு செய்தேன். ஒரு தகடு லேசாக ஆடியது, அதை இறுக்கத்தான். அது முடிந்தும் கோல் சூடாகவே இருந்தது. சுக்கானின் ஈயத்தில் தொட்டால் இளகிவிடும். விரலால் கொஞ்சம் நிமிர்த்தினால் நேராகிவிடும். நேராக வைத்தால் படகு நேரே போகும், ஏரியின் நடுவில் ஸ்பிரிட் தீரும் வரை. பிறகு எனக்கு ஒரு சொல் கிடைக்கும். கிடைத்த சொல்லைப் பத்திரிகையில் போட்டு, உரிய நாளில் குங்குமத்தை எடுத்து, அழ வேண்டியதை அழுது முடிக்கலாம். இத்தனை வருடம் அழாதது. அழுதால் எதற்கு என்று தெரியாததால் அழாதது.

கோலை ஈயத்துக்கு அருகில் கொண்டுபோனேன். பச்சைப் பெயின்ட் சூட்டில் லேசாக வாசனை விட்டது. அந்த விரல்ரேகை அங்கேதான் இருந்தது, சுக்கானுக்கு ஒரு விரல்கடை தள்ளி. இன்னும் நெருக்கினால் அது கொப்பளித்துவிடும். கோலை எடுத்து மணல் சட்டியில் குத்தினேன்.

காலையில் ஏரிக்கரையில் பனி விலகவில்லை. காற்று இல்லை. நாத்தனார் கற்பூரமும் கதம்பமும் கொண்டுவந்திருந்தாள். படகின் சின்ன அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாமா, உள்ள ஆள வெக்கலியா?"

"அவரு வெக்கல."

"வெச்சிருக்கலாம். காலியா அனுப்பறது எப்படியோ இருக்குது." ஒரு மல்லிகையைக் கிள்ளி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு தண்ணீரைப் பார்த்து, "பாலாறா இருந்தா மணல்ல நடந்து போய் எடுத்துக்கினு வந்துடலாம். இதுல முழுகிச்சுன்னா நீதான் நீஞ்சணும், எனக்கு மூட்டு வலி" என்றாள். மகள் சிரித்துவிட்டாள். போனில் படம் எடுக்கத் தயாராக நின்றாள்.

விளக்கேற்றினேன். ஆவி வந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகை வைத்து, சக்கரத்தைத் தட்டினேன். இழுப்பு, விசில். அது என் கையை விட்டுப் போனது.

நினைத்ததைவிட வேகமாகப் போனது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரை தள்ளின. மெல்ல இடப்பக்கம் வளையத் தொடங்கியது. நாத்தனார் கை கூப்பியிருந்தாள். வட்டம் நான் கணக்குப் போட்டதைவிடப் பெரிதாக இருந்தது. தொட்டியில் ஓடவிட்டு வட்டத்தை அளக்க முடியாது. படகு கோரைப்புல் மண்டிய பக்கமாகப் போய், அதற்குப் பின்னால் மறைந்தது.

ஓசை மட்டும் வந்தது. தண்ணீர்மேல் அது கிட்டத்தில் கேட்பதுபோல் இருந்தது. அவரைப் பார்க்க முடியாமல், மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நாங்கள் மூவரும் நின்றோம். மகள் போனைத் தாழ்த்திவிட்டாள். புல்லுக்குப் பின்னால் ஓசை தடுமாறியது. இழுப்பு நீண்டது. விசில் வரவில்லை. பிறகு ஒன்றுமே வரவில்லை.

"மாட்டிக்கிச்சு" என்றாள் மகள்.

நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அந்த மௌனத்தில் எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. அது நிம்மதி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான். முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. அவர் போன பிறகு முதல் தடவையாக.

அப்போது புல் அசைந்தது. இழுப்பு. விசில்.

படகு மறுபக்கத்தால் வெளியே வந்தது. சக்கரத்தில் பாசி சுற்றி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. மெதுவாக, தள்ளாடித் தள்ளாடி, எங்களை நோக்கித் திரும்பியது. நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிச் சேற்றில் மூக்கை வைத்து நின்றது.

நாத்தனார் மூட்டு வலியை மறந்து ஓடினாள். புடவை முழங்கால் வரை நனைந்தது. "வந்துட்டான்! பாத்தியா, வந்துட்டான்! அடப்பாவி, இவ்ளோ நேரமாடா!" படகை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். செம்பு சுட்டும் விடவில்லை. என் மகள் அத்தையின் முதுகில் முகம் வைத்து அழுதாள்.

எனக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. நான் விளக்கை ஊதினேன். நாத்தனாரின் கைகளுக்குள் சக்கரங்கள் இன்னும் கொஞ்சம் சுற்றி நின்றன. அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே மல்லிகை இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும்.

அது வந்தது சுக்கானின் கோணத்தால். பாசி ஒரு பக்கத்தை இழுத்ததால் வட்டம் சுருங்கி, அதனால்தான் கரைக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போய்ச் சொன்னேன். அச்சகக்காரர் தலையாட்டிவிட்டு, பென்சில் குறியை ரப்பரால் அழித்தார். பேப்பரில் அதன் பள்ளம் மட்டும் இருந்தது. பத்திரிகைகள் மஞ்சள் தடவிய ஓரத்தோடு, 'திரு' என்ற எழுத்துகளோடு வந்தன.

முதலில் சாமிக்கு வைத்தோம். பிறகு நானும் மகளும் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். தெரிந்தவர்கள் பத்திரிகையைப் படித்து, அந்த இடத்தில் கண்ணை ஒரு கணம் நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் காபி கொடுத்தார்கள்.

சின்னக் காஞ்சிபுரத்தில், முன்பு எங்கள் கிடங்கில் நூல் வாங்கிய ஓர் அம்மாள் இருக்கிறார். இடையில் பல வருடம் மகனோடு வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர். என் கணவர் போனது அவருக்குத் தெரியாது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். என் கணவர் பெயரையும் படித்தார்.

"அவரு வரலியாமா உன்னோட? வேலையா?"

மகள் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கம்மா. வெளியூர்ல இருக்காரு" என்றேன்.

"கல்யாணத்துக்கு வந்துடுவாரில்ல?"

"வந்துடுவாரு."

அந்த அம்மாள் உள்ளே போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார். மகளுக்கு வைத்துவிட்டு, என் நெற்றியைப் பிடித்து நன்றாக அழுத்தி வைத்தார். "தீர்க்க சுமங்கலியா இரு" என்றார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். மூக்கின்மேல் கொஞ்சம் உதிர்ந்தது. துடைக்காமல் தெருவில் இறங்கினேன். மகள் தாம்பாளத்தில் அடுத்த பத்திரிகையை எடுத்து மேலே வைத்தாள்.